மாசி மாதத்துக் கொல்லை

கும்பகோணம், மாயவரம் பக்கத்துப் பழைய வீடுகளுக்கு அகலம் குறைவு, நீளம் அதிகம். தெருவில் நின்று பார்த்தால் திண்ணையும் வாசல்நிலையும்தான் தெரியும். உள்ளே நுழைந்தால் ரேழி, கூடம், முற்றம், இரண்டாங்கட்டு, அடுப்படி, கிணற்றடி என்று போய்க்கொண்டே இருக்கும். எல்லாம் முடிந்த இடத்தில் கொல்லை தொடங்கும். பல மனைகளில் பாதிக்கு மேல் கொல்லைதான். அது ஒரு வாய்க்கால் கரையிலோ, ஆள் நடமாட்டம் குறைந்த சந்திலோ போய் முடியும்.

அந்தக் கொல்லை இன்று இல்லை. வீடு இருக்கிறது. சில வீடுகளில் கம்பிக் கதவு போட்டுத் திண்ணையைக்கூடக் காப்பாற்றியிருக்கிறார்கள். பின்கதவைத் திறந்தால் சிமென்ட் தளம், மோட்டார், செப்டிக் டேங்க் மூடி; கையை நீட்டினால் தொடுகிற தூரத்தில் அடுத்த வீட்டுச் சுவர்.

கொல்லை போனதைப் பலர் காய்கறிக் கணக்காகவே பேசுகிறார்கள். முருங்கைக்காயைக் காசு கொடுத்து வாங்க வேண்டியிருக்கிறது, கறிவேப்பிலை அப்போது சும்மா கிடைத்தது என்கிறார்கள். அது சின்ன நஷ்டம். எனக்குப் பெரிதாகப் படுவது வேறு. சாமி கும்பிடுவதில் கைக்கு இருந்த பங்கு கொல்லையோடு போய்விட்டது. மரத்துக்குத் தண்ணீர் திருப்பிவிடுவதும், இலை பறிப்பதும், பறிக்கக் கூடாத நாளில் பறிக்காமல் நிற்பதும் வழிபாடாகவே நடந்த இடம் அது. அதற்குத்தான் இந்த அஞ்சலி.

கொல்லையின் அருமை பின்பனிக் காலத்தில்தான் தெரியும். ஐப்பசி, கார்த்திகையில் மழை கொட்டுகிறது. குச்சியை ஒடித்து நட்டாலும் தழைத்துவிடும். மாசியில் அப்படிக் கிடையாது. விடியற்காலையில் பனி, பத்து மணிக்கு மேல் சுள்ளென்று வெயில். தைப்பனி தரையைத் துளைக்கும், மாசிப்பனி மச்சைத் துளைக்கும் என்பார்கள். மேட்டூர் அணையை ஜூன் 12 அன்று திறந்து ஜனவரி 28 அன்று மூடுவது டெல்டாவின் நெடுநாள் வழக்கம். மூடிய பிறகு வாய்க்காலில் ஓட்டம் குறைந்து, குட்டை குட்டையாகத் தேங்கி, மாசி நடுவில் சேறு வெடிக்கத் தொடங்கிவிடும். அதற்கப்புறம் ஆடி வரைக்கும் கொல்லையைக் காப்பாற்றியது காவிரி இல்லை. வீட்டு மனிதர்கள் குளித்த தண்ணீரும், துவைத்த தண்ணீரும், அரிசி களைந்த கழுநீரில் மாடு குடித்தது போக மிஞ்சியதும்தான்.

இதற்கென்று ஓர் ஏற்பாடு இருந்தது. கிணற்றடியில் துவைகல்லுக்குப் பக்கத்திலிருந்து ஒரு சிறு வாய்க்கால் புறப்படும். முதலில் வாழை. அதற்குத் தண்ணீர் எவ்வளவு கொடுத்தாலும் போதாது. வாழைக்கு அடியில் சேம்பு. அதைத் தாண்டி எலுமிச்சை, நாரத்தை, கறிவேப்பிலை. கடைசியில், வேலி ஓரமாகத் தென்னை. தண்ணீர் எந்த நாளில் எந்த மரத்துக்கு என்பது அப்பாவைப் பெற்ற எங்கள் அப்பாயிக்கு மனப்பாடம். களைக்கொட்டால் இரண்டு தட்டு மண்ணை எடுத்து ஒரு பக்கம் அடைத்து, மறுபக்கம் திறந்துவிடுவார். தலைக்குச் சீயக்காய், உடம்புக்குப் பயத்தமாவு, பாத்திரத்துக்குச் சாம்பலும் புளியும் என்று இருந்த காலம் அது. வீட்டிலிருந்து வெளியேறிய தண்ணீரில் செடிக்கு ஆகாதது என்று எதுவுமே இல்லை.

மாசி காலையில் கொல்லையில் செய்ய வேண்டிய வேலை ஒன்றைச் சொல்கிறேன். ஆடியில் ஊன்றிய அவரை மார்கழி முழுவதும் பூத்து, தையில் காய்த்துத் தள்ளி, மாசியில் ஓயத் தொடங்கும். அப்போதுதான் அசுவினி பிடிக்கும். பூங்கொத்தின் காம்பில் கறுப்பாக அப்பிக்கொண்டிருக்கும். அப்பாயிக்குக் கண் மங்கிவிட்டது, அசுவினி தெரியாது. பந்தக்காலில் எறும்பு மேலும் கீழும் ஊர்வதைப் பார்த்துத்தான் கண்டுபிடிப்பார். முதல் நாள் அடுப்புச் சாம்பலைச் சலித்து, பழைய வேட்டித் துணியில் மூட்டையாகக் கட்டி வைத்திருப்பார். "அய்யா, பனி காயறதுக்குள்ள வாடா" என்று என்னைக் கூப்பிடுவார். நான் முக்காலி மேல் ஏறி, மூட்டையைக் கையில் பிடித்துக் கொடியின் மேல் லேசாகத் தட்ட வேண்டும். புகைபோலச் சாம்பல் இறங்கும். பனி ஈரம் இருப்பதால் இலையிலும் கொத்திலும் அப்படியே ஒட்டிக்கொள்ளும். வெயில் ஏறிவிட்டால் எவ்வளவு தட்டினாலும் தரைக்குத்தான் போகும். மருந்து அடுப்பில் இருந்தது, அதை ஒட்டவைக்கும் பசை வானத்திலிருந்து வந்தது. பனியைச் சபிக்காமல் அதற்கும் ஒரு வேலை கொடுத்த இந்த அறிவை நான் பெரிதாக மதிக்கிறேன்.

விதை எடுப்பதும் அதே மாதத்தில்தான். முதல் பறிப்பு பிள்ளையார் கோயிலுக்கும் பக்கத்து வீடுகளுக்கும் போயிருக்கும். நடுப்பருவத்தில் காய்த்த திரண்ட காயைத் தொடாமல் நெற்றாக விட்டுவிட வேண்டும். முதல் காயும் கடைசிக் காயும் விதைக்கு ஆகாது என்பார்கள். அவரை நெற்றை உடைத்துச் சாம்பல் கலந்து சுரைக்குடுக்கையில் போடுவார்கள். பூசணி, சுரை விதையைப் பசுஞ்சாணியில் பதித்து வறட்டியாகச் சுவரில் தட்டிவிடுவார்கள். ஆடி வந்ததும் வறட்டியைச் சுவரிலிருந்து பெயர்த்து, உடைத்து, எருவோடு விதையாக மண்ணில் புதைத்துவிடலாம். கடைக்குப் போய் விதை வாங்குவது என்பதே அந்த வீட்டுப் பெண்களுக்குத் தெரியாத சங்கதி.

மரங்களுக்கும் மாசி ஒரு திருப்பம். வேம்பு பழுத்து உதிரும். காலையில் பெருக்கிய இடம் மத்தியானத்துக்குள் மூடிவிடும். சருகு முழுவதும் எருக்குழிக்குப் போகும். வாதாமரத்து இலை சிவந்து விழும். மாமரம் பூத்து நிற்கும், அந்த வாசனை அடுப்படி வரைக்கும் வரும். மாம்பூ இருக்கும்போது ஒரு மழை பெய்துவிடக் கூடாதே என்று வீடே கவலைப்படும். மழையும் மூட்டமும் வந்தால் பூ கருகும், தத்துப்பூச்சி பெருகும், பங்குனியில் மாவடு கிடைக்காது. முருங்கை வெள்ளையாகப் பூத்திருக்கும். மழைக்காலத்தில் அதில் அப்பியிருந்த கம்பளிப்பூச்சியெல்லாம் போய், அதன் கீழே நிம்மதியாக நிற்க முடிகிற மாதமும் இதுதான்.

வில்வத்துக்கு மாசி என்றால் சிவராத்திரி. மாசித் தேய்பிறைச் சதுர்த்தசியில் வருகிற அந்த இரவுக்கு ஊரே இலை கேட்டு வரும். வில்வமும் இலையுதிர்க்கிற மரம். பங்குனி, சித்திரையில் பழைய இலை போய்ப் புது இலை வரும். மரம் தன் இலையைத் தானே கொட்டுவதற்குச் சற்று முன்னால் கோயில் அதைக் கேட்டு வாங்கிக்கொள்கிறது. இதை யாரும் திட்டம் போட்டு வைத்தார்களா என்று நான் ஆராயப் போவதில்லை. பார்க்கையில் மனம் நிறைகிறது, அவ்வளவுதான்.

எங்கள் கொல்லை வில்வத்தில் முள் அதிகம். ஏணி போட்டு ஏறுகிறவன் கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு, ஒவ்வொரு கொத்தையும் வளைத்து, மூன்று இலையும் பழுதில்லாமல் இருக்கிறதா என்று பார்த்துக் கிள்ள வேண்டும். பூச்சி துளைத்தது, ஓரம் காய்ந்தது, இரண்டு இலையாகப் போனது எதுவும் சாமிக்கு ஆகாது. திங்கட்கிழமை, அமாவாசை, மாதப்பிறப்பு நாள்களில் வில்வம் பறிக்கக் கூடாது. வேண்டுமானால் முதல் நாளே பறித்து வைத்துக்கொள்ளலாம். வாடினால் குற்றமில்லை. ஒரு முறை சாத்தியதைக் கழுவி மறுபடி சாத்தினாலும் குற்றமில்லை. துவாதசியில் துளசி பறிக்கக் கூடாது. தரையில் விழுந்த பூ சாமிக்கு ஆகாது, பவளமல்லிக்கு மட்டும் விலக்கு. பொழுது சாய்ந்த பிறகு எந்த மரத்திலும் கை வைக்கக் கூடாது. "வெளக்கு வச்சாச்சு, இனிமே தொடாத. அது தூங்குது" என்று அப்பாயி சொல்வார். மருந்துக்கு அவசரமாக வேப்பிலை வேண்டும் என்றால் மரத்தை ஒரு தரம் தொட்டு மன்னிப்புக் கேட்டுவிட்டுத்தான் ஒடிப்பார்.

இந்த விதிகளுக்கெல்லாம் அறிவியல் விளக்கம் தேடுகிறவர்கள் உண்டு. இரவில் மரம் கரியமில வாயு விடுகிறது, அதனால்தான் என்பார்கள். எனக்கு அந்த விளக்கம் வேண்டியதாக இல்லை. எட்டு வயதுப் பையன் கைக்கெட்டுகிற கொப்பைப் பார்த்துக்கொண்டு, பறிக்காமல் திரும்பி வருகிறான். தன்னுடையது என்று நினைத்த ஒன்றின் முன்னால் அவன் நிற்கக் கற்றுக்கொள்கிறான். புராணக் கதை எதுவும் எனக்கு இதைச் சொல்லித் தரவில்லை. பிரசங்கமும் கேட்டதில்லை. கொல்லைதான் சொல்லித் தந்தது.

மரத்தை வெட்டுவதற்கும் ஒரு முறை இருந்தது. காய்ப்பு நின்று சாய்ந்துவிட்ட தென்னையானாலும் ஆசாரி வந்தவுடன் கோடாலி போட மாட்டார். அடிமரத்தில் மஞ்சள் குங்குமம் வைத்து, கற்பூரம் காட்டி, "இதில் குடியிருப்பவர்கள் வேறு இடம் பார்த்துக்கொள்ளுங்கள்" என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டு, மறுநாள்தான் வருவார். 6ஆம் நூற்றாண்டில் வராகமிகிரர் எழுதிய பிருகத் சம்ஹிதையில், தெய்வச் சிலைக்கு மரம் எடுக்கக் காட்டுக்குப் போகிறவர்கள் மரத்தை வணங்கி, அதில் வாழும் உயிர்களிடம் இடம் மாறிக்கொள்ளும்படி வேண்ட வேண்டும் என்ற முறை இருக்கிறது. எங்கள் ஊர் ஆசாரி அந்த நூலின் பெயரைக் கேள்விப்பட்டிருக்க மாட்டார். தன் அப்பா செய்ததை அவர் செய்தார்.

தமிழ்ப் பக்தி மரபு தோட்ட வேலையை எவ்வளவு உயரத்தில் வைத்திருந்தது என்பதை நாம் மறந்துவிட்டோம். பெரியாழ்வார் ஸ்ரீவில்லிபுத்தூரில் நந்தவனம் வைத்தவர்; ஆண்டாள் கிடைத்தது அங்கே துளசிச் செடியின் அடியில் என்பது ஐதிகம். தொண்டரடிப்பொடியாழ்வார் பிறந்தது கும்பகோணத்துக்குப் பக்கத்தில் உள்ள திருமண்டங்குடியில். அவர் திருவரங்கத்தில் செய்த கைங்கர்யமும் நந்தவனம்தான். திருப்புகலூர் முருக நாயனார் மரப்பூ, கொடிப்பூ, நீர்ப்பூ, நிலப்பூ என்று வகை பிரித்து, விடியுமுன் பறித்து, மாலை தொடுத்தே நாயன்மார் வரிசையில் இடம்பெற்றார். இராமாநுசர் சொன்னார் என்பதற்காக அனந்தாழ்வான் திருமலைக்குப் போய்க் குளம் வெட்டித் தோட்டம் போட்டார். இவர்கள் செய்த தொண்டு தண்ணீர் இறைப்பது, களை எடுப்பது, பூப்பறிப்பது. சோழர் கல்வெட்டுகளில் நந்தவனத்துக்கும் அதில் வேலை செய்கிறவர்களுக்கும் என்று நிலம் விட்ட செய்தி ஊருக்கு ஊர் கிடைக்கிறது. கோயிலுக்குள் தலமரம் என்று ஒன்றை வைத்துச் சுற்றி வந்த மரபும் இதே வேரிலிருந்து வந்ததுதான். சிதம்பரத்துக்குப் பெயர் கொடுத்த தில்லைக்காடு இன்று அந்த ஊரில் இல்லை. தில்லை மரத்தைப் பார்க்கப் பிச்சாவரம் போக வேண்டும். மதுரையில் கடம்ப மரத்தின் காய்ந்த அடிமரத்தைக் கோயிலுக்குள்ளேயே வைத்துக் காக்கிறார்கள்.

கொல்லை என்பது சாதாரண வீட்டின் நந்தவனம். கருவறைக்குள் போக முடியாத, மந்திரம் தெரியாத, படிக்கத் தெரியாத பெண்கள் பெரியாழ்வார் செய்த அதே வேலையை அங்கே தினமும் செய்தார்கள். அவர்களை யாரும் ஆழ்வார் என்று அழைக்கவில்லை, அவர்களும் அதை எதிர்பார்க்கவில்லை.

இது ஒரு மதத்துக்கு மட்டும் உரியதாகவும் இருக்கவில்லை. எங்கள் தெருக் கோடியில் கத்தோலிக்கக் குடும்பம் ஒன்று இருந்தது. குருத்தோலை ஞாயிற்றுக்கு அவர்கள் கொல்லைத் தென்னையிலிருந்துதான் குருத்து வெட்டுவார்கள். பவனி முடிந்ததும் அந்த ஓலையைச் சிலுவையாக மடித்துச் சுவரில் செருகிவிடுவார்கள். ஆண்டு முழுவதும் அது அங்கே காய்ந்துகொண்டிருக்கும். மறு ஆண்டு தவக்காலம் தொடங்கும் முன் எடுத்துக் கோயிலில் கொண்டுபோய்க் கொடுப்பார்கள். அதை எரித்த சாம்பல்தான் திருநீற்றுப் புதனன்று நெற்றியில் ஏறும். அந்தப் புதனும் பெரும்பாலும் மாசியில்தான் வரும். தங்கள் கொல்லைத் தென்னையே சாம்பலாகித் தங்கள் நெற்றிக்கு வருவதை அந்த வீட்டம்மா பெருமையாகச் சொல்வார். அடுத்த தெரு பாய் வீட்டுக் கொல்லையில் மருதாணி. பெருநாளுக்கு முதல் நாள் சாயங்காலம் எல்லா வீட்டுப் பெண்பிள்ளைகளும் அந்தக் கொல்லைக் கதவில்தான் நிற்பார்கள். பாய் வீட்டம்மா கொத்துக் கொத்தாக உருவிக் கொடுப்பார். வேலி எல்லாம் கிளுவையும் பூவரசும்தான், சுவர் கிடையாது; குரல் கொடுத்தால் இலை கிடைக்கும்.

போனவரைப் பற்றி நல்லதை மட்டும் சொல்வது வழக்கம். கொல்லையைப் பற்றி அப்படிச் சொன்னால் பொய்யாகிவிடும். கொல்லை போய் முடிகிற அந்தச் சந்து எதற்காக இருந்தது? பல தெருக்களில் எடுப்புக் கக்கூஸைச் சுத்தம் செய்கிறவர்கள் தெருவாசல் வழியாக வரக் கூடாது என்பதற்காகத்தான். மனிதர் மலத்தை மனிதர் அள்ளிச் சுமந்த வழி அது. 1993இல் அதைத் தடை செய்து சட்டம் வந்தது, 2013இல் இன்னும் கடுமையாக ஒன்று. தென்னை ஏறியவருக்கும் கட்டை பிளந்தவருக்கும் சோறு போட்ட இடம் கொல்லை. கூடத்தில் அவர்களுக்கு இலை போடவில்லை. மாதத்தில் மூன்று நாள் பெண்களைத் தள்ளி உட்கார வைத்த இடமும் கொல்லைதான், மாசிப் பனியிலும் மாட்டுக்கொட்டகை ஓரம்தான். மரத்திடம் மன்னிப்புக் கேட்கத் தெரிந்த வீடுகளுக்கு இந்த மனிதர்களிடம் கேட்கத் தோன்றவில்லை. அந்தக் கொல்லை போனதற்கு நான் அழவில்லை. இன்னும் முன்பே போயிருக்க வேண்டும். கைப்பழக்கமாக வந்த பக்தியைக் காப்பாற்றிக்கொண்டு அந்தக் கொடுமையை மட்டும் விட்டிருக்க முடியும் என்று நம்புகிறேன். நாம் அந்தச் சிரமத்தை எடுத்துக்கொள்ளவில்லை.

எப்படிப் போயிற்று? முதல் அடி தண்ணீரில் விழுந்தது என்பது என் கணிப்பு. 1980களில் சோப்புத் தூளும் பாக்கெட் ஷாம்பூவும் ஊர்களுக்குள் பரவின. கிணற்றடி வாய்க்காலில் நுரை ஓடத் தொடங்கியது. வாழை இலையின் விளிம்பு கருகியது. எலுமிச்சை பிஞ்சிலேயே உதிர்த்தது. அந்தத் தண்ணீரை மரத்துக்கு விட வேண்டாம் என்று அதைச் சாக்கடைக்குத் திருப்பினார்கள். நல்ல எண்ணத்தில்தான் செய்தார்கள். ஆனால் அன்றோடு வீட்டுக்கும் மரத்துக்கும் இருந்த தொடர்பு அறுந்தது. அதற்குப் பிறகு மரத்துக்கென்று தனியாகத் தண்ணீர் இறைக்க வேண்டியிருந்தது, இறைக்க ஆள் இல்லை. பிள்ளைகள் சென்னைக்கும் திருப்பூருக்கும் வளைகுடாவுக்கும் போய்விட்டார்கள். ஆழ்குழாய்க் கிணறு வந்தது, பழைய கிணற்றில் தண்ணீர் கீழே போனது, கட்டட இடிபாட்டைக் கொட்டித் தூர்த்தார்கள்.

அடுத்தது பாகப்பிரிவினை. அகலம் இல்லாத மனையைக் குறுக்கே வெட்டித்தான் பிரிக்க முடியும். முன்பக்கம் அண்ணனுக்கு, நடு இரண்டாமவனுக்கு, கொல்லை கடைசித் தம்பிக்கு. கொல்லைச் சந்து அகலமாகித் தார் போட்டதும் அதுவே ஒரு தெருவாயிற்று. தம்பி அந்தப் பக்கம் பார்த்து வீடு கட்டினார். குடியிருக்க இடம் இல்லாதவன் மரத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வான்? அவர் மேல் எனக்குக் கோபம் இல்லை. 2011 மக்கள்தொகைக் கணக்குப்படியே தமிழ்நாட்டில் பாதிப்பேர், சரியாகச் சொன்னால் 48.4 சதவிகிதம், நகரத்தில் இருக்கிறார்கள். அத்தனை பேருக்கும் கொல்லையோடு வீடு என்பது நடக்காது.

பூச்சியும் புயலும் மிச்சத்தைப் பார்த்துக்கொண்டன. 2008இல் கோயம்புத்தூரில் தென்பட்ட பப்பாளி மாவுப்பூச்சி மாநிலம் முழுவதும் பரவி, பப்பாளியோடு செம்பருத்தியையும் வெள்ளை அப்பி அழித்தது. 2010இல் போர்ட்டோ ரிக்கோவிலிருந்து கொண்டுவந்து விட்ட சிறு ஒட்டுண்ணிக் குளவிதான் அதை அடக்கியது. குளவி வருவதற்குள் பலர் செம்பருத்தியை வேரோடு பிடுங்கி எறிந்திருந்தார்கள், பிறகு நடவில்லை. 2018 நவம்பர் 16 அதிகாலை வேதாரண்யம் பக்கம் கரையேறிய கஜா புயல் பட்டுக்கோட்டை, பேராவூரணி, முத்துப்பேட்டை வட்டாரத்தில் ஒரே இரவில் தென்னையை லட்சக்கணக்கில் சாய்த்தது. தோப்புகளுக்கு நிவாரணம் கேட்டுப் பேச ஆள் இருந்தார்கள். வீட்டுக் கொல்லையில் சாய்ந்த ஒற்றைத் தென்னைக்கும் பலாவுக்கும் அழுதவர்கள் அந்த வீட்டுப் பெண்கள்தான்.

கடைசியாக வந்தது பயம். பாம்பு வரும், கொசு வரும், டெங்கு வரும், சருகு விழுந்தால் பக்கத்து வீட்டார் சண்டைக்கு வருவார்கள். எல்லாமே நியாயமான பயம். ஒவ்வொன்றுக்கும் கொஞ்சம் கொஞ்சமாகச் சிமென்ட் போட்டார்கள்.

மாடித்தோட்டம் இருக்கிறதே என்று கேட்கலாம். தோட்டக்கலைத் துறை மானிய விலையில் பையும் தென்னைநார்க் கழிவும் விதையும் கொடுக்கிறது. வாங்கிப் போய் ஐந்தாவது மாடியில் கத்திரியும் வெண்டையும் பறிக்கிறவர்களை நான் மனதாரப் பாராட்டுகிறேன். தைப்பட்டத்துக்குக் கீரை விதைத்து, மாசிப் பனியில் அது தளிர்ப்பதைக் காலையில் போய்ப் பார்க்கிற சந்தோஷம் அவர்களுக்கும் உண்டு. ஆனால் பையில் மரம் வளராது. தாத்தா நட்டதைப் பேரன் பறிப்பது பையில் நடக்காது. பறிக்கக் கூடாத நாள் என்று கத்திரிக்காய்க்கு ஒன்று இல்லை.

பூஜையறைக்குப் பூ இப்போது பாலித்தீன் பையில் வருகிறது. பின்பனியில் மல்லிகை வரத்து குறைந்து கிலோ ஆயிரங்களுக்குப் போகும். அந்த நாள்களில் கொல்லை இருந்த வீட்டில் டிசம்பர் பூவும் கனகாம்பரமும் நந்தியாவட்டையும் இருந்தன. பருவத்தில் என்ன பூத்ததோ அதுதான் அன்றைக்குச் சாமிக்கு. இல்லாத நாளில் ஒரு துளசி இலை. இப்போது எந்த நாளும் எல்லாப் பூவும் வேண்டும், விலைதான் கேள்வி. சிவராத்திரியன்று கோயில் வாசலில் வில்வக் கட்டு விற்கிறார்கள். எங்கே, எந்தப் பொழுதில், யார் பறித்தது என்று வாங்குகிறவருக்குத் தெரியாது. இலையில் ஓட்டை இருக்கிறதா என்றுகூட யாரும் பார்ப்பதாகத் தெரியவில்லை. குருக்கள் அதை அப்படியே வாங்கிச் சாத்துகிறார். சாமி ஏற்றுக்கொள்வார், அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. என் வருத்தம் வாங்கியவரின் கையைப் பற்றியது. ஏணியில் ஏறாத, முள் குத்தாத, பழுது பார்க்காத அந்தக் கைக்கு அன்றைக்கு ஒரு வேலையும் இல்லாமல் போய்விட்டது.

எஞ்சியிருப்பவை பற்றியும் சொல்ல வேண்டும். எங்கள் வீட்டுக் கொல்லையும் பிரிந்து, விற்று, கைமாறியது. வாங்கியவர் ஓர் ஆசிரியர். தென்னை, முருங்கை, மா எல்லாவற்றையும் வெட்டினார். வீடு கட்ட வேண்டுமே. வில்வத்தை வெட்ட மட்டும் கொத்தனார், ஆசாரி யாரும் கை வைக்க மாட்டோம் என்று சொல்லிவிட்டார்கள். கடைசியில் சன்ஷேடை மரத்துக்காக ஓரிடத்தில் வெட்டி, சுற்றுச்சுவரை வளைத்துக் கட்டி, மரத்தை உள்ளே விட்டிருக்கிறார். மாசியில் அவர் வீட்டுக் கேட்டில் இன்றும் இலை கேட்டு வருகிறார்கள். காலையில் வந்தால் கொடுக்கிறார், பொழுது சாய்ந்து வந்தால் நாளைக்கு வாருங்கள் என்று அனுப்பிவிடுகிறார். அவர் சொந்த ஊர் வேறு, எங்கள் அப்பாயியை அவர் பார்த்ததில்லை.

ஆனால் பங்குனியில் உதிரும் இலை மொட்டைமாடிக் குழாயை அடைக்கிறது, வேர் தளத்தைத் தூக்குகிறது. வெட்டித்தான் ஆக வேண்டும் போலிருக்கிறது என்று அவர் கோயில் குருக்களிடம் போய்க் கேட்டார். இதன் கன்று ஒன்றைக் கோயிலில் வைத்து, அது பிழைத்துக்கொண்டதும் இதை எடுக்கலாம் என்று குருக்கள் சொன்னார். வேரிலிருந்து கிளம்பிய கன்றைப் பக்குவமாகப் பெயர்த்து மேலப் பிரகாரத்தில் வைத்திருக்கிறார்கள். மூன்று முழம் வளர்ந்திருக்கிறது. பக்கத்தில் குழாய் இல்லை. பூக்கட்டும் அம்மா ஒருவர் மடப்பள்ளியிலிருந்து இரண்டு குடம் கொண்டுவந்து ஊற்றுகிறார். ஆடு உள்ளே வருகிறது, அதனால் வேலி போட வேண்டும். ஆசிரியர் மூங்கில் வாங்கித் தருவதாகச் சொல்லியிருக்கிறார்.